அறைவீடு இல்லாத வீட்டில் ஆண்டவரோடு தனித்திருக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வளர்ந்த வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். அறைகள் இரண்டுதான். விடியுமுன் அம்மா புறவாசலில் துணி துவைக்கும் கல்லின்மேல் முந்தானையைத் தலையில் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் உதடு அசையும். சில நாள் அதுவும் இருக்காது. தூக்கம் கலைந்து நான் போய் நின்றால் ஒரு சொல்லும் பேசாமல் சற்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கோவில் மணி அடிக்கும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள். எல்லாம் சேர்த்து ஒரு கால் மணி நேரம் இருக்கும்.

எனக்கென்று கதவுள்ள ஒரு தனி அறை வந்த பிறகும் அந்தக் கால் மணி நேரம் எனக்கு வாய்க்கவில்லை. வருடக்கணக்காக முயன்றேன், விட்டேன், மறுபடி தொடங்கினேன். அதில் கற்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் வளர்ந்தது சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையில். சொற்கள் அந்த வழக்கில் இருந்தாலும் கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் இதைத் தங்கள் வழக்கத்தோடு பொருத்திக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன்: எதை விட்டுவிட வேண்டும்

நம்மில் பலருக்குத் தனிஜெபம் என்றதும் குற்ற உணர்வுதான் முதலில் வருகிறது. இதற்கு ஒரு காரணம் கணக்கு. 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் வாசித்து முடிக்க நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம் தேவை. ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர் அந்த மாதக் கடைசியில் லேவியராகமத்தின் பலிமுறைமைகளுக்குள் வந்து நிற்பார். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் ஏழு அதிகாரம் பாக்கி விழும். பாக்கி பதினைந்தாகும்போது புத்தகத்தைத் திறக்கவே கை கூசும்.

வருடத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முடிப்பது நல்ல பழக்கம். செய்கிறவர்கள் தொடரட்டும். ஆனால் அது வாசிப்பு. ஆண்டவரோடு உட்காருவது வேறு வேலை, அதற்கு வேறு நேரம் வேண்டும். இரண்டையும் ஒரே அரைமணிக்குள் திணித்தால் அட்டவணை வென்றுவிடும். நான் இதைப் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று. ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லும் வேளையில் முடிக்க வேண்டியது என்று எதுவும் கிடையாது.

முதல் படி: வேளையைக் கண்டுபிடியுங்கள்

அதிகாலை நாலரை மணி என்று யாரோ சொன்னதற்காக அலாரம் வைக்க வேண்டாம். முதலில் ஒரு வாரம் உங்கள் நாளைக் கவனியுங்கள். வீடு எப்போது அடங்குகிறது? உங்கள் தலை எப்போது தெளிவாக இருக்கிறது? இரண்டும் சந்திக்கிற இடம் எங்கோ இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் காலை ஒன்பதேகாலாக இருக்கலாம். இரவுப் பணி முடித்து வரும் செவிலியருக்கு அது படுக்கப்போகுமுன் பத்து நிமிடமாக இருக்கலாம்.

வேதத்தில் இதற்கு ஒரே மணி சொல்லப்படவில்லை. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து போனார். ஈசாக்கு சாயங்காலத்தில் தியானம்பண்ண வெளியே போயிருந்தான். பேதுரு நடுப்பகலில் மேல்வீட்டில் ஏறினான். தானியேல் தினமும் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். உங்களுக்குத் தோதான துணையை இவர்களில் தேர்ந்துகொள்ளுங்கள்.

காலையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் “சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று” என்கிறது. அங்கே நாள் சாயங்காலத்தில் பிறக்கிறது. யூதர்கள் இன்றும் ஓய்வுநாளைச் சூரியன் மறையும்போதுதான் தொடங்குகிறார்கள். நம்முடைய காலை ஜெபமும் முந்தின இரவிலேயே பிறந்துவிடுகிறது அல்லது செத்துவிடுகிறது. பதினொன்றரை வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு ஐந்து மணிக்கு எழ முடியாததைப் பக்திக் குறைவு என்று அழுவதில் பொருள் இல்லை. அது தூக்கக் குறைவு. இரவு பத்துக்குப் படுங்கள். படுக்குமுன் வேதாகமத்தை வேண்டிய பக்கத்தில் திறந்து, கண்ணாடியை அதன்மேல் வைத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? உங்களுடைய மிக மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் லாரி வந்துவிட்டது, பிள்ளைக்குத் தேர்வு. அப்படிப்பட்ட நாளிலும் பத்து நிமிடம் முடியும் என்றால் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளில் அது தானே நீளும்.

இரண்டாம் படி: இடத்தை அமர்த்துங்கள்

“நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஓரறை வீட்டில் வாழ்கிறவர்களை இந்த வசனம் உறுத்தியிருக்கும். அறைவீடு என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் தாமெயோன். பண்டங்களைச் சேமித்து வைக்கும் உள்ளறையை அது குறிக்கும். அழகாக அமைத்த தியான மண்டபத்தை இயேசு மனதில் வைத்திருக்கவில்லை. அரிசி டிரம்முக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் அந்தச் சொல்லுக்கு நெருக்கமானது. இதைச் சொன்ன அவருக்கே தலைசாய்க்க இடமில்லை. மலைச்சரிவிலும் வனாந்தரத்திலும் ஒலிவமரத் தோப்பிலும்தான் அவர் தனித்திருந்தார்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு இடம், மாறாத இடம். மொட்டைமாடிப் படிக்கட்டு, சமையலறை மூலையில் ஒரு முக்காலி, தூங்குகிறவர்களுக்கு அப்பால் விரித்த ஒரு பாய். எதுவானாலும் தினமும் அதே இடமாக இருக்கட்டும். சில வாரத்தில் அங்கே உட்கார்ந்ததுமே மனம் அடங்கப் பழகிக்கொள்ளும். சால்வையோ முந்தானையோ தலையில் போடுவதும் நல்ல அடையாளம். அம்மா அதைப் போட்டுவிட்டால் நாங்கள் அவர்களிடம் எதுவும் கேட்கமாட்டோம். துணியே கதவாக இருந்தது.

வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: “இந்தப் பதினைந்து நிமிடம் என்னைக் கூப்பிடாதீர்கள்.” ஒளித்து வைப்பதுதான் தாழ்மை என்று நினைத்து ரகசியமாகச் செய்ய முயன்றால் பத்து தடவை எழ வேண்டிவரும்.

கைப்பேசி அந்த இடத்துக்கு வரக்கூடாது. வேதாகமச் செயலி அதில்தான் இருக்கிறது என்றாலும் நான் இதையே சொல்வேன். வசனம் தேடும்போது மேலே ஒரு செய்தி வந்து நிற்கும், அதன்பின் நீங்கள் அங்கே இல்லை. அச்சிட்ட வேதாகமம் ஒன்று, சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா. இவ்வளவு போதும்.

மூன்றாம் படி: முதலில் சும்மா இருங்கள்

உட்கார்ந்ததும் வாயைத் திறக்காதீர்கள், புத்தகத்தையும் திறக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருங்கள். முதுகு நேராக, கைகள் மடியில், மூச்சு இயல்பாக.

“நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற 46-ஆம் சங்கீதத்தின் வரி பல வீட்டுச் சுவர்களில் பூவும் ஏரியும் வரைந்த பின்னணியில் தொங்குகிறது. அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசித்தால் அங்கே ஏரி இல்லை. மலைகள் கடலில் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது. எபிரெயத்தில் அமர்ந்திருங்கள் என்பதற்கு இருக்கும் சொல்லில் பிடியைத் தளர்த்துவது, கையை விட்டுவிடுவது என்ற பொருள் உண்டு. வீடு அமைதியான பிறகு வந்து உட்காரச் சொல்லும் வார்த்தை அது இல்லை. சண்டை நடுவில் கையிலிருப்பதைக் கீழே வைக்கச் சொல்லும் வார்த்தை.

உட்கார்ந்த மறுநொடியே எரிவாயு பதிவு செய்யவில்லை, வட்டி கட்டவில்லை, நேற்று நாத்தனார் சொன்ன சொல் என்று வரிசையாக வரும். எல்லாருக்கும் வரும். வேலைகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லாக எழுதி மூடிவிடுங்கள். எழுதியது தொந்தரவு செய்யாது. நாத்தனார் சொன்ன சொல் எழுதினாலும் போகாது. அதை அப்படியே ஜெபத்துக்கு எடுத்து வையுங்கள், உங்கள் உள்ளம் இன்று எங்கே நிற்கிறது என்பதை அது காட்டுகிறது.

மனதுக்குப் பிடிமானமாக ஒரு சிறு ஜெபம் உதவும். “ஆண்டவராகிய இயேசுவே, எனக்கு இரங்கும்” என்பதைக் கீழைத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையினர் பல நூற்றாண்டுகளாக மூச்சோடு சேர்த்துச் சொல்லிவருகிறார்கள். லூக்கா சுவிசேஷத்தில் மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரனின், அதாவது வரி வசூலிப்பவனின், ஜெபமும் இதற்கு உறவுதான். மூச்சு உள்ளே போகும்போது பாதி, வெளியே வரும்போது பாதி. இதில் எண்ணிக்கை கிடையாது. மனம் ஓடினால் திட்டாமல் அந்த வரிக்குத் திரும்புங்கள். இருபது தடவை ஓடினால் இருபது தடவை திரும்புங்கள். அந்தத் திரும்புதலும் ஜெபம்தான் என்று நான் நம்புகிறேன்.

நான்காம் படி: கொஞ்சமாக வாசியுங்கள், வாய்விட்டு வாசியுங்கள்

எங்கே தொடங்குவது என்று கேட்டால் மாற்கு என்பேன். 16 அதிகாரம், நடை வேகமானது, இயேசு கண்முன் நடமாடுகிறார். ஒருநாளைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி, ஏழெட்டு வசனம். அதன்பின் சங்கீதங்கள். 119-ஆம் சங்கீதம் 176 வசனம் என்று மலைக்க வேண்டாம். அது எட்டு எட்டு வசனமாக 22 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. நாளுக்கு ஒரு பகுதி என்றால் மூன்று வாரத்துக்குப் பக்கத்துணை.

வாய்விட்டு வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற” மனுஷனை முதலாம் சங்கீதம் சொல்கிறது. அங்கே தியானம் என்பதற்கான எபிரெயச் சொல் ஹாகா. இரைமேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் புறா முனகுவதற்கும் ஏசாயா இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆக வேத தியானம் என்பது தொண்டையில் நடக்கும் காரியம், முணுமுணுத்துக்கொண்டே இருப்பது. மற்றவர் தூக்கம் கெடாமல் உதட்டளவில் வாசித்தால் போதும்.

12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் என்ற துறவற சபையைச் சேர்ந்த இரண்டாம் கிகோ இந்த வாசிப்பை நான்கு படியுள்ள ஏணியாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், ஆழ்ந்த நோக்கு. உணவை வாயில் இடுவது, மெல்லுவது, சுவையை அறிவது, பிறகு அந்த இனிமையாகவே நிற்பது என்று அதற்கு உவமை காட்டினார். நம் ஊரில் சோற்றை மென்று தின்னச் சொல்லிப் பிள்ளையை அதட்டுவதைப் போலத்தான் இதுவும்.

செய்து பார்க்க ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்: மாற்கு 10, 46 முதல் 52 வரை. எரிகோவில் வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்கும் குருடன் பர்திமேயு.

முதல் வாசிப்பில் வேகம் வேண்டாம். முடிந்ததும் எந்தச் சொல் உங்களை நிறுத்தியது என்று பாருங்கள். ஒருவருக்கு அது அதட்டினார்கள் என்பதாக இருக்கும், தன் வாயை யாராவது அடைத்திருந்தால். இன்னொருவருக்கு அவன் எறிந்துவிட்டு எழுந்த மேல்வஸ்திரம். பிச்சைக்காரனின் விரிப்பும் போர்வையும் அதுவாகத்தான் இருந்திருக்கும். பார்வை கிடைக்குமுன்னே அதை எறிந்துவிட்டான். திரும்பவும் தேடி எடுக்க அவனால் முடிந்திருக்காது.

என்னை நிறுத்தியது இயேசுவின் கேள்வி. நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனைக் கேட்கிறார். குருடனைப் பார்த்து இதைக் கேட்பானேன் என்று முதலில் தோன்றியது. அன்று அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் சற்று மேலே கண் போனது. அதே அதிகாரம், 36-ஆம் வசனம். யாக்கோபும் யோவானும் வந்து நிற்கிறார்கள். அவர்களிடமும் இயேசு இதே கேள்வியைத்தான் கேட்கிறார். கூடவே நடந்தவர்கள் அவருடைய வலதுபக்கமும் இடதுபக்கமும் நாற்காலி கேட்டார்கள். வழியில் கிடந்தவன் பார்வை கேட்டான். பதினைந்து வசன இடைவெளியில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில். அன்று காலை நான் ஆண்டவரிடம் கேட்க வைத்திருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் நாற்காலிகள்தான் நிறைய இருந்தன.

இப்படி ஒரு பகுதியில் நான்கு நாள் தங்கினாலும் குற்றமில்லை. ஒன்றும் நிறுத்தவில்லை என்றால் அதுவும் சரி. மூடிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள், வலிந்து பொருள் பிழிய வேண்டாம்.

ஐந்தாம் படி: உங்கள் சொந்த வார்த்தையில் பேசுங்கள்

துதி, அறிக்கை, நன்றி, விண்ணப்பம் என்ற ஒழுங்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பேச்சின் குரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தமிழில் நாம் தேவனை நீர், உமது என்று அழைக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பிலிருந்தும் கீர்த்தனைகளிலிருந்தும் வந்த அழகான வழக்கு. அதில் நெருக்கமும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் மேடை ஜெபங்களைக் கேட்டுக் கேட்டு, அந்த மொழியின் சொற்கோவை நம் வாயில் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நாக்கு போய்க்கொண்டிருக்கும், உள்ளம் வேறெங்கோ இருக்கும். அப்போது நிறுத்திவிட்டு, உங்கள் தாயிடம் எப்படிப் பேசுவீர்களோ அந்த ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். “ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது” என்ற ஒரே வாக்கியம் போதும்.

கோபமும் சொல்லலாம். 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல்களில் கடைசியில் எப்படியும் ஒரு வெளிச்சம் வந்துவிடும். இதில் வராது. தோழனும் அறிமுகமானவர்களும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்பதோடு முடிகிறது. இதையும் ஜெபம் என்றே வேதம் காத்து வைத்திருக்கிறது.

மற்றவர்களுக்கான விண்ணப்பத்தை நாள்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்களன்று உடன்பிறந்தோர், செவ்வாயன்று நோயாளிகள் என்று. ஐம்பது பெயரைத் தினமும் ஒப்பிப்பதைவிட ஐந்து பெயரை முகத்தோடு நினைப்பது நல்லது.

ஆறாம் படி: பேசி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள்

நாம் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். ஆமென் சொன்னதும் பாயைச் சுருட்டிவிடுகிறோம். மனம்விட்டுப் பேசியபின் பதிலுக்கு நிற்காமல் போவதை எந்த உறவிலும் நாம் பொறுக்கமாட்டோம்.

ஐந்து நிமிடம் இருங்கள். கேட்க வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். 131-ஆம் சங்கீதத்தில் மூன்றே வசனம். தாயின் பால்மறந்த குழந்தையைப்போல என் ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறது அது. பால்குடிக்கிற குழந்தை மடியில் ஏறினால் பாலைத் தேடும். பால் மறந்த குழந்தை தாய்க்காகவே மடியில் ஏறும். இந்த ஐந்து நிமிடத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசிக்குப் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை. அதன்பின் அமர்ந்த மெல்லிய சத்தம் வந்தது. இதை வைத்து, அமைதியில் தோன்றும் எண்ணம் எல்லாம் தேவ சத்தம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. வேலையை விடு, இன்னாரை மணம் செய், இவருக்குப் பணம் கொடு என்பதுபோல ஏதாவது தோன்றினால் எழுதிவைத்துவிட்டுக் காத்திருங்கள். வேதத்தோடு ஒத்துப்பார்த்து, உங்களிடம் முகத்துக்கு நேரே உண்மை சொல்லக்கூடிய ஒரு மூத்த விசுவாசியிடமும் கேளுங்கள்.

ஏழாம் படி: ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு எழுங்கள்

நோட்டில் தேதி போட்டு ஒரே வரி எழுதுங்கள். அன்று தங்கிய வசனத்துண்டு அல்லது ஒரு நன்றி. பிறகு அந்தச் சொல்லை பகலில் மூன்று இடத்தில் எடுத்துப் பாருங்கள்: பஸ்ஸுக்கு நிற்கும்போது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, பள்ளி வாசலில் பிள்ளைக்காக நிற்கும்போது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்ற எளிய துறவி பல வருடம் சமையலறையில் வேலை செய்தார். பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் தேவ பிரசன்னத்தில் இருக்க அவர் பழகியிருந்தார். அவருக்கும் அது ஒரே நாளில் வரவில்லை, பல வருடம் போராடியே பழகினார்.

காலை வேளை தரும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்துபோன நாளுக்கு முந்தின மாலை, ஊரெல்லாம் வாசலில் கூடியிருந்தது. காலையில் சீமோன் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார் இயேசு. எல்லாரும் தேடுகிறார்கள் என்பதாலேயே எல்லாவற்றுக்கும் ஆம் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்தத் தனிமையில் அவருக்குத் தெளிவாக இருந்திருக்கிறது. சபைக் காரியங்களுக்கு மறுக்கத் தெரியாமல் களைத்துப்போகிற சகோதர சகோதரிகள் இந்த ஐந்தாறு வசனங்களை ஒரு வாரம் தியானிக்கலாம்.

மாதத்துக்கு ஒருமுறை நீண்ட வேளை

முடிந்தால் மாதத்தில் ஒரு அரைநாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆராதனை இல்லாத சனிக்கிழமை மதியத்தில் உங்கள் கோவிலின் கடைசி இருக்கை போதும். வெளியே போக முடிகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் பழைய இடங்கள் உண்டு. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் 1950-இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் ஆசிரமம் ஒன்று. சேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் இன்னொன்று. போகுமுன் தங்கும் வசதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வறண்ட நாட்களும் விட்டுப்போன நாட்களும்

ஒன்றும் உணராமல் வாரக்கணக்கில் உட்காரும் காலம் வரும். அப்போது நேரத்தைக் கூட்டாதீர்கள், குறைக்கவும் வேண்டாம். சொந்த வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதத்தை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் களைப்பையும் வறட்சியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பி உணவு கொடுத்தான். கைக்குழந்தை உள்ள தாயும் நோயாளியைக் கவனிக்கிறவரும் இதை நினைத்துக்கொள்ளட்டும். பாலூட்டும் நேரத்தில் சொல்லும் ஒரு வரி ஜெபம் உங்களுக்கு இந்தப் பருவத்தில் போதும். சோர்வு மாதக்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் போய்விட்டால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அந்த அடையும் தேவன் அனுப்பியதுதான்.

நாட்கள் விட்டுப்போனால் பாக்கியைத் தீர்க்க உட்காராதீர்கள். விட்ட பகுதிகளைச் சேர்த்து வாசிக்க வேண்டாம், நோட்டில் வெற்று நாட்களை நிரப்பவும் வேண்டாம். அடையாள நாடா எந்தப் பக்கத்தில் கிடக்கிறதோ அதைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். நான் எத்தனை நாள் கழித்துப் போய் நின்றாலும் அம்மா அந்தக் கல்லில் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.